சேவை என்று சொல்லிச் சுரண்டாதே! நோயாளி என்று சொல்லி இழிவு செய்யாதே!

சிவகாசிச் சீமையில் "மருந்து" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் கலந்தது ஒரு மருந்து. அது பட்டாசுக்குள் செல்கிறது. வெந்த உடம்புக்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பது இன்னொரு மருந்து. முதல் மருந்து விடிவதற்கு முன்பே வேலைத் தலத்துக்கு வந்து காத்திருக்கிறது. இரண்டாவது மருந்தைத் தேடித்தான் வெந்த உடம்போடு தொழிலாளி ஊர் ஊராக ஓட வேண்டியிருக்கிறது. சிவகாசியிலிருந்து மதுரை எழுபது கிலோமீட்டருக்கு மேல். பெருங்காயம் பட்டவர்கள் எத்தனையோ பேர் அந்தச் சாலையைக் கடந்திருக்கிறார்கள். எத்தனையோ பேர் கடந்து முடிக்கவில்லை.

விருதுநகர் ஜில்லாவின் கணக்கைப் பாருங்கள். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: ஏறத்தாழ 40 பேர். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் அருகே அச்சங்குளம்: இருபதுக்கும் மேல். 2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம்: 13 பேர், பெரும்பாலோர் பெண்கள். 2024 பிப்ரவரி 17, வெம்பக்கோட்டை அருகே ராமுதேவன்பட்டி: 10 பேர். அதே ஆண்டு மே 9, செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. இவை பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்தவை மட்டும். ஒருவர், இருவர் என்று செத்தவர்கள் உள்பக்கத்தில் நான்கு வரியோடு போய்விட்டார்கள்.

ஒவ்வொரு முறையும் நடப்பது ஒன்றே. மந்திரிகள் இரங்கல் தெரிவிக்கிறார்கள். நிவாரணத் தொகை அறிவிக்கிறார்கள். போர்மேனைக் கைது செய்கிறார்கள். உள்குத்தகை பிடித்தவன் தலைமறைவாகிறான். உரிமத்தைத் தாற்காலிகமாக ரத்து செய்கிறார்கள். அச்சங்குளம் விபத்துக்குப் பிறகு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. செத்தவனுக்கு விலை நிர்ணயிக்க ஆள் இருக்கிறது. நல்லது, அந்தப் பணம் காசு குறையாமல் வந்து சேர வேண்டும். ஆனால் சாகாதவனுக்கு? உடம்பில் பாதி வெந்து, உயிர் ஊசலாடுகிறவனுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் என்ன கிடைத்தது, யார் கொடுத்தார்கள், எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்டவர் யார்?

இந்தக் கட்டுரை அதைத்தான் கேட்கிறது. விபத்தே நடக்கக்கூடாது என்பதுதான் நமது முதல் கோரிக்கை. அதில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் நடந்துவிட்ட பிறகு தொழிலாளியை மனிதனாக நடத்துகிறார்களா, மூட்டையாக நடத்துகிறார்களா என்பதும் நமது பிரச்னைதான்.

முதல் மணி நேரம்

தீக்காயம் என்பது தோலோடு நிற்கும் விஷயம் அல்ல. தோல் போன இடத்தின் வழியாக உடம்பிலுள்ள நீர் வடிந்து போகிறது. ரத்தம் சுண்டுகிறது. சிறுநீரகம் செயலிழக்கிறது. மூடிய அறையில் புகையைச் சுவாசித்தவனுக்குத் தொண்டை உள்ளுக்குள்ளேயே வீங்குகிறது. பார்க்கும்போது பேசிக்கொண்டுதான் இருப்பான். சற்று நேரத்தில் மூச்சு அடைத்துவிடும்.

டாக்டர்கள் நெடுங்காலமாகப் போட்டு வரும் கணக்கு ஒன்று உண்டு. 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு உடம்பில் 40 சதவிகிதம் வெந்துவிட்டால், முதல் 24 மணி நேரத்தில் சுமார் 8 லிட்டர் திரவம் ரத்தக் குழாய் வழியே ஏற்ற வேண்டும். அதில் பாதி, அதாவது 4 லிட்டர், முதல் 8 மணி நேரத்துக்குள் ஏறியாக வேண்டும். அந்த 8 மணி நேரமும் ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதிய நேரத்திலிருந்து ஆரம்பிப்பதில்லை. தீ பட்ட நிமிஷத்திலிருந்தே ஆரம்பித்துவிடுகிறது.

அப்படியானால் வண்டி வந்து சேராமல் போன ஒவ்வொரு நிமிஷமும், "பெட் இல்லை, அங்கே கொண்டு போ" என்று சொன்ன ஒவ்வொரு வாசலும், அந்தப் பெண்ணின் ரத்தக் குழாயிலிருந்து திருடப்பட்டவை அல்லவா?

தொழிலாளியே தெரிந்துகொள்ள வேண்டியதும் இதில் உண்டு. வெந்த இடத்தில் சுத்தமான சாதாரணத் தண்ணீரை இருபது நிமிஷம் ஓட விட வேண்டும். பற்பசை, மை, எண்ணெய், மஞ்சள் எதுவும் பூசக்கூடாது. ஐஸ் வைக்கக்கூடாது. வீக்கம் வருமுன் வளையலையும் மோதிரத்தையும் கழற்ற வேண்டும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக்கூடாது. சுத்தமான துணியால் மூடிக் கொண்டுபோக வேண்டும். இந்த ஐந்தாறு வரிகளை ஒவ்வொரு பட்டாசு ஆபீஸின் வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதிப் போட முதலாளிக்கு எவ்வளவு செலவாகும்? ஒரு பெட்டி மத்தாப்பு விலை ஆகுமா?

முதலிப்பட்டியில் தீயைக் கண்டு ஓடி வந்த சுற்றுவட்டாரத்து ஜனங்களில் பலரும் செத்தவர்களில் அடங்குவர். உதவ வந்தவன் உதவி தேடுகிறவனானான். அவனுக்குப் பயிற்சி இல்லை. எவ்வளவு தூரத்தில் நிற்பது என்று சொல்ல ஆள் இல்லை. அவனிடம் இருந்தது மனிதாபிமானம் ஒன்றே. அதை வைத்துக்கொண்டுதான் இந்தச் சீமையில் ஏழை ஏழைக்கு முதலுதவி செய்கிறான்.

சேவையா? வேலையா?

தமிழ்நாட்டில் 108 வண்டி ஓட ஆரம்பித்தது 2008 செப்டம்பரில். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் இன்று ஓடுகின்றன. ஏழை ஜனங்களுக்கு இது பெரிய வரம் என்பதில் சந்தேகமில்லை. முன்பெல்லாம் கட்டிலோடு தூக்கிக்கொண்டு தார் ரோட்டுக்கு ஓடிய கிராமங்களுக்கு இன்று வண்டி வருகிறது. அதைக் குறை சொல்ல மாட்டோம்.

ஆனால் சர்க்கார் பணத்தில் ஓடும் இந்த வண்டியை நடத்துவது யார்? ஒரு தனியார் ஸ்தாபனம். 2005-ல் ஹைதராபாத்தில் இதை ஆரம்பித்தவர் சத்யம் கம்பெனி அதிபர். 2009 ஜனவரியில் அந்தக் கம்பெனியின் பொய்க் கணக்கு சந்தி சிரித்தது. உடனே இன்னொரு முதலாளிக் குழுமத்தின் கைக்கு இது மாறியது. முதலாளி மாறினான், பெயர்ப் பலகை மாறியது. வண்டியில் இருந்த ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும் மட்டும் அதே 12 மணி நேர வேலையில் அப்படியே இருந்தார்கள். எட்டு மணி நேர வேலை வேண்டும் என்று அவர்கள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறார்கள்.

அவர்கள் வாய் திறந்தால் என்ன பதில் வருகிறது? "இது உயிர் காக்கும் சேவை. சேவையில் இருப்பவன் கூலி பேசலாமா? நேரம் பார்க்கலாமா?"

இந்த உபதேசத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று ராஜபாளையத்துப் பஞ்சாலைத் தோழர்கள் நினைப்பார்கள். "ஆலை உங்கள் குடும்பம்" என்று முதலாளி சொல்வதும் இதே ராகம்தான். 1923-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றினார். நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. எட்டு மணி நேரம் என்பது இன்னும் உயிர் காக்கிற தொழிலாளியின் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

பன்னிரண்டாவது மணி நேரத்தில் ஒருவன் வண்டி ஓட்டுகிறான். அவன் கண் சொருகுகிறது. பின்னால் ஒரு பெண் வெந்து கிடக்கிறாள். ரத்தக் குழாய் தேடும் உதவியாளரின் கை நடுங்குகிறது. இதற்குப் பெயர் சேவையா? அவனுடைய களைப்பு அவனோடு நிற்பதில்லை. அது நோயாளியின் உடம்பில் போய் இறங்குகிறது. ஆகவே அவனுடைய வேலை நேரம் உங்களுடைய பிரச்னை; அவனுடைய சம்பளம் உங்களுடைய பிரச்னை. 108 ஊழியன் சங்கம் வைத்துப் போராடினால், "ஐயோ, நோயாளிகள் கதி என்ன?" என்று முதலைக் கண்ணீர் வடிப்பவர்களை நம்பாதீர்கள். நோயாளியின் கதியை நினைத்தால் ஆள் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லுங்கள்!

ஆஸ்பத்திரித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை

இதையெல்லாம் சொன்ன பிறகு, இன்னொரு உண்மையையும் சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் நாம் நியாயம் பேசுகிறவர்கள் அல்ல.

வேலைப் பளு இருக்கிறது. ஆள் பற்றாக்குறை இருக்கிறது. ஆனால் "ஏய், காலை நீட்டு", "கத்தாதே, நீதானே அந்த வேலைக்குப் போனே", "இத்தனை பேர் ஏன் வந்து நிக்கிறீங்க, வெளியே போங்க" என்ற வார்த்தைகளை ஆள் பற்றாக்குறை பேசவில்லை. ஒரு மனிதன் பேசுகிறான். அதே மனிதன், கார் ஏறி வருகிற நோயாளியிடம் "வாங்க சார், உட்காருங்க" என்கிறான். அப்படியானால் மரியாதை தெரியாதவன் அல்ல. ஆள் பார்த்து அளக்கிறான்.

"நீ எந்தத் தெரு?" என்ற கேள்வியும் உண்டு. முகவரிக்காகக் கேட்பது வேறு. ஜாதியை மோப்பம் பிடிக்கக் கேட்பது வேறு. கேட்கப்படுகிறவருக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும். வெந்து கிடக்கும் உடம்பிடம் தெரு கேட்பவன், தன் படிப்பை எங்கே தொலைத்தான்?

தோழரே! தீப் பிடித்த பெண்ணின் உடம்பில் துணி இருக்காது. முதலில் ஒரு போர்வையைப் போர்த்துங்கள். அது எந்த மருத்துவப் புத்தகத்துக்கும் விரோதம் அல்ல. பெயரைக் கேளுங்கள், பெயர் சொல்லி "அம்மா", "அக்கா" என்று கூப்பிடுங்கள். முகம் வெந்து அடையாளம் தெரியாமல் கிடப்பவளுக்கு மிச்சம் இருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான். ஊசி போடுமுன் "ஊசி போடப் போறேன்" என்று சொல்லுங்கள். அதற்கு ஒரு விநாடி ஆகும். வெளியே நிற்கும் புருஷனிடமும் பிள்ளையிடமும் உண்மை நிலவரத்தை நின்று சொல்லுங்கள். அதற்கு இரண்டு நிமிஷம் ஆகும். செல்போனில் படம் பிடிக்கிறவனை வார்டுக்கு வெளியே தள்ளுங்கள். அதற்குக் கொஞ்சம் தைரியம் ஆகும்.

"இதனால் உயிர் பிழைத்துவிடுவாளா?" என்று கேட்கலாம். பிழைக்காமலும் போகலாம். உடம்பில் பெரும்பகுதி வெந்தவர்களைக் காப்பது எங்கேயும் கடினம். ஆனால் சாகிறவள் மனுஷியாகச் சாகிறாளா, கணக்கில் ஒரு எண்ணாகச் சாகிறாளா என்பது உங்கள் கையில் இருக்கிறது. உயிரோடு இருந்தவரை அறைக்கு எத்தனை சரம் என்று முதலாளி எண்ணினான். ஆஸ்பத்திரியிலும் அவள் ஒரு எண் தானா?

தினம் தினம் இதையே பார்த்து மனம் மரத்துப் போய்விட்டது என்று சொல்லும் நர்ஸும் உதவியாளரும் உண்டு. அது பொய்யல்ல. நெசவாளி தறியிலிருந்து இறங்கும்போது துணியைப் பார்க்கிறான். நாற்று நட்டவள் கதிரைப் பார்க்கிறாள். 108 ஊழியன் எதைப் பார்க்கிறான்? ஆஸ்பத்திரி வாசலில் இறக்கி விட்ட பிறகு அந்த ஆள் பிழைத்தாரா, செத்தாரா என்று அவனுக்குச் சொல்லுவார் இல்லை. அடுத்த அழைப்பு வந்துவிடுகிறது. தன் உழைப்பின் பலனைக் கண்ணால் காணாதவனுக்கு உழைப்பு அர்த்தமற்றுப் போகும். முதலாளித்துவம் ஆலையில் செய்வதை இங்கே ஆம்புலன்ஸில் செய்கிறது. இதற்கு மருந்து தியான வகுப்பு அல்ல. கொண்டுவந்த நோயாளியின் கதி என்ன ஆயிற்று என்பதை வாரம் ஒரு முறை வண்டி ஊழியர்களுக்கு ஆஸ்பத்திரி தெரிவிக்கட்டும். டாக்டரும் நர்ஸும் ஓட்டுநரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, எங்கே தாமதம், எங்கே தவறு என்று பேசட்டும். தான் போட்ட ஊசியால் ஒருத்தி எழுந்து நடந்தாள் என்று தெரிந்தவன் அடுத்தவளிடம் சள்ளென்று விழ மாட்டான்.

ஷோலாப்பூரும் பிட்ஸ்பர்க்கும்

வேலையின் அர்த்தம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வெகு தூரம் போக வேண்டாம். பஞ்சாலை நகரமான ஷோலாப்பூரில் 1910-ல் பிறந்தவர் டாக்டர் துவாரகாநாத் கோட்னிஸ். ஜப்பானியப் படையெடுப்புக்கு எதிராகப் போராடிய சீன மக்களுக்கு வைத்தியம் செய்ய 1938-ல் இந்தியாவிலிருந்து போன குழுவில் ஒருவர். போர்முனையில் காயம் பட்ட விவசாயிகளுக்கும் சிப்பாய்களுக்கும் ஓயாமல் ஆபரேஷன் செய்து 1942 டிசம்பரில், 32 வயதில், அங்கேயே இறந்தார். அவருக்கு முன் அதே மண்ணில் உழைத்தவர் கனடா டாக்டர் நார்மன் பெத்யூன். ஆபரேஷன் செய்யும்போது விரலில் பட்ட காயம் விஷமேறி 1939 நவம்பரில் உயிர் துறந்தார். இவர்களை அங்கே இழுத்துச் சென்றது சம்பளம் அல்ல. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: இவர்கள் தியாகம் செய்தது போராடும் மக்களுக்காக. ஒப்பந்தக்காரனின் லாபத்துக்காக அல்ல. அவர்கள் பெயரைச் சொல்லி 12 மணி நேர வேலை வாங்குகிறவன் அவர்களை அவமதிக்கிறான்.

அமெரிக்காவிலிருந்தும் ஒரு பாடம் உண்டு. பிட்ஸ்பர்க் நகரத்தில் 1960-களில் நோயாளியைத் தூக்கிப் போனது போலீஸ் வண்டி. நீக்ரோக்கள் என்று அன்று இழித்துப் பேசப்பட்ட கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிக்கு அந்த வண்டி வருவதே அபூர்வம். 1967-ல் அந்தப் பகுதியிலேயே வேலையில்லாமல் இருந்த கறுப்பினத்து ஆட்களைத் திரட்டி, டாக்டர் பீட்டர் சாஃபர் என்பவர் ஆழமான பயிற்சி கொடுத்தார். ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அந்த ஆம்புலன்ஸ் படை, ஓடுகிற வண்டியிலேயே உயிர் காக்கும் வைத்தியம் செய்து அந்த நாட்டுக்கே வழி காட்டியது. எதற்கும் லாயக்கில்லை என்று ஊர் ஒதுக்கியவர்கள், சொந்தத் தெருவின் ஜனங்களை மரியாதையோடு தூக்கினார்கள். 1975-ல் நகர நிர்வாகம் அதை மூடிவிட்டுத் தன் சொந்தப் படையை ஏற்படுத்தியது. பயிற்சி பெற்ற அந்தக் கறுப்பினத் தொழிலாளிகளில் பலர் ஓரங்கட்டப்பட்டார்கள். இதுவும் பாடம்தான்.

வெம்பக்கோட்டையிலும் சாத்தூரிலும் படித்துவிட்டு வேலையின்றி நிற்கும் பட்டாசுத் தொழிலாளியின் மகனுக்கும் மகளுக்கும் இந்தப் பயிற்சியைக் கொடுத்தால் அவர்கள் செய்ய மாட்டார்களா?

ஒரு விவசாயத் தொழிலாளியின் வழக்கு

"பெட் இல்லை" என்பது வெறும் பதில் அல்ல, சட்ட விரோதம் என்பதை நிலைநாட்டியது ஒரு விவசாயத் தொழிலாளர் ஸ்தாபனம். 1992 ஜூலையில் மேற்கு வங்கத்தில் அந்த ஸ்தாபனத்தின் உறுப்பினர் ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயம் அடைந்தார். கல்கத்தாவின் அரசாங்க ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவரைத் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் சுமார் 17,000 ரூபாய் செலவழித்து உயிர் பிழைத்தார். அப்போது அங்கே ஆட்சியில் இருந்தது இடது முன்னணி. அதற்காக அந்தத் தொழிலாளர்கள் வாய் மூடி இருக்கவில்லை, இருக்கவும் கூடாது. சுப்ரீம் கோர்ட் 1996 மே மாதத்தில் தீர்ப்புச் சொன்னது: அவசரச் சிகிச்சையை அரசாங்க ஆஸ்பத்திரி மறுப்பது உயிர் வாழும் உரிமையைப் பறிப்பதாகும், பணம் இல்லை என்பது சாக்கு ஆகாது. அந்தத் தொழிலாளிக்கு 25,000 ரூபாய் நஷ்ட ஈடும் கிடைத்தது. அதற்கு முன்பே 1989-ல், போலீஸ் சடங்குகளுக்காகக் காத்திராமல் உயிரைக் காப்பது தனியார் டாக்டர் உள்பட ஒவ்வொரு டாக்டரின் கடமை என்று அதே கோர்ட் சொல்லியிருக்கிறது.

ஆகவே தோழர்களே, ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் நிற்பது பிச்சைக்காக அல்ல. உரிமைக்காக. கும்பிட்டு நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

அதே மூச்சில் இன்னொன்று. கையை ஓங்க வேண்டிய அவசியமும் இல்லை. உறவினர் செத்த ஆத்திரத்தில் நர்ஸை அடிப்பதும், ட்யூட்டி டாக்டரின் சட்டையைப் பிடிப்பதும், கண்ணாடியை உடைப்பதும் போராட்டம் அல்ல. கட்டிலைக் குறைத்தவன் அங்கே நிற்கவில்லை. ஆளை நியமிக்காதவன் அங்கே நிற்கவில்லை. அங்கே நிற்பவள் உங்களைப் போல ராத்திரி ஷிப்டு பார்க்கிற ஒரு கூலிக்காரி. 2016 அக்டோபர் 20-ந் தேதி சிவகாசியில் பட்டாசு இறக்கிய இடத்தில் பிடித்த தீயின் புகை பக்கத்து ஸ்கேன் நிலையத்துக்குள் புகுந்தது. அங்கே இருந்தவர்கள் மூச்சுத் திணறிச் செத்தார்கள். நோயாளி, ஊழியர் என்று புகை பேதம் பார்க்கவில்லை. சாவில் ஒன்றாக இருப்பவர்கள் வாழ்வில் எதிரெதிரே நிற்கலாமா?

நாம் கேட்பது என்ன?

2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. நல்ல காரியம். அதன் பலன் முதலில் யாருக்குப் போக வேண்டும்? கருமருந்தோடு வாழும் ஜனங்களுக்கு அல்லவா? சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை தரும் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. சாலையில் விழுந்தவனுக்கு உள்ள உரிமை, பட்டாசு அறையில் வெந்தவளுக்கு ஏன் இல்லை? அவளும் இந்த நாட்டின் பிரஜைதானே?

ஆகவே கேட்கிறோம்:

ஜில்லாவுக்குள்ளேயே பெருங்காயத்துக்கும் முழுச் சிகிச்சை தரும் தீக்காயப் பிரிவு, இரவும் பகலும் நிபுணர்களோடு இயங்க வேண்டும்.

48 மணி நேரத் திட்டத்தைத் தொழிற்சாலை விபத்துகளுக்கும் விரிவாக்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது என்று தீர்மானிப்பது போர்மேனின் வேலையாக இருக்கக்கூடாது.

துண்டு வேலைக்காரர் உள்பட ஒவ்வொரு பட்டாசுத் தொழிலாளியின் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும், ஈ.எஸ்.ஐ. அட்டை கையில் இருக்க வேண்டும்.

108 ஊழியர்களுக்கு எட்டு மணி நேர வேலை. சர்க்காரே நேரடியாக ஏற்று நடத்தும் நிர்வாகம்.

ஒவ்வொரு ஆலையிலும் முதலாளி செலவில், வேலை நேரத்திலேயே, கூலி பிடிக்காமல் முதலுதவிப் பயிற்சி. தண்ணீர்த் தொட்டியும் சுத்தமான போர்வையும் கட்டாயம்.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் அவமதிக்கப்பட்டவர் புகார் செய்ய ஓர் இடம். அதை விசாரிக்கும் குழுவில் தொழிற்சங்கப் பிரதிநிதிக்கும் பெண் தொழிலாளிக்கும் இடம்.

விருதுநகர் எண்ணெய் ஆலைத் தோழரே, ராஜபாளையம் பஞ்சாலைத் தோழரே, இதைப் பட்டாசுக்காரர் பிரச்னை என்று தள்ளாதீர்கள். மிஷினில் கை சிக்கினால் நீங்கள் போகிற வாசலும் அதேதான். வானம் பார்த்த பூமியில் பாடுபடும் விவசாயத் தொழிலாளியே, வரப்பில் பாம்பு தீண்டினால், பூச்சி மருந்து தலைக்கேறினால், உங்களைத் தூக்கிப் போகிற வண்டியும் அதேதான். மழை பொய்த்த வருஷத்தில் உங்கள் வீட்டுப் பெண்கள்தானே பட்டாசு ஆபீஸ் பஸ்ஸில் ஏறுகிறார்கள்?

அடுத்த வெடிச் சத்தம் கேட்ட பிறகு கூடிப் பயனில்லை. இந்த வாரமே உங்கள் சங்கக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளை வையுங்கள். 108 தோழர்களையும் நர்ஸுகளையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர்களுடைய கோரிக்கையில் நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். உங்களுடைய கோரிக்கையில் அவர்கள் கையெழுத்துப் போடட்டும். இரண்டையும் ஒரே மகஜராக்கிக் கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலமாக எடுத்துச் செல்லுங்கள். தூக்குகிறவனும் தூக்கப்படுகிறவனும் ஒரே வரிசையில் வந்து நிற்கும்போது, எந்தச் சர்க்காராலும் காது கேளாதது போல் இருக்க முடியாது!